கவுன்சலிங் படிக்கிறேன் என்றால், எந்தக் கவுன்சலிங்?

சென்னையில் ஜூன், ஜூலை மாதங்களில் ‘எனக்குக் கவுன்சலிங் இருக்கு’ என்று யாராவது சொன்னால், ‘எந்தக் காலேஜ் கிடைச்சுது?’ என்பதுதான் அடுத்த கேள்வி. பொறியியல் சேர்க்கை அந்தச் சொல்லை அவ்வளவு கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கிறது. சில மாதங்களுக்கு முன் மாம்பலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, என்ன வேலை பார்க்கிறேன் என்று விசாரித்தார். ‘கவுன்சலிங் சொல்லிக்கொடுக்கிறேன்’ என்றேன். ‘அண்ணா யுனிவர்சிட்டியிலயா?’ என்றார். இல்லை, இது மனசு சம்பந்தப்பட்டது என்று விளக்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ‘என் பேத்தி சைக்காலஜிதான் படிப்பேன்னு ஒத்தக்காலில் நிக்கிறாம்மா. படிச்சா டாக்டர் ஆகிடலாமா?’

பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில்: டாக்டர் ஆக முடியாது. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் மேல் மனநல மருத்துவம் படித்தவர். மருந்துச் சீட்டு எழுதும் உரிமை அவருக்கு. சைக்காலஜி வழியாக வருகிறவருக்கு அந்த உரிமை கிடையாது. இளங்கலை முடித்து இரண்டு வருட முதுகலையில் சேரும்போதுதான் அவருடைய பாதை பிரிய ஆரம்பிக்கிறது. பொது உளவியல், பயன்பாட்டு உளவியல், கவுன்சலிங் உளவியல் என்று பெயர்கள் பல. சமூகப் பணிப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ.வில் மருத்துவ, மனநலப் பிரிவு எடுத்து இதே வேலைக்கு வருகிறவர்களும் உண்டு. 1952ல் தொடங்கப்பட்டு இப்போது எழும்பூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கில் இரண்டுமே இருக்கின்றன. ஒரே வளாகம், ஒரே கேன்டீன், இரண்டு வேறு தொழில்கள்.

முதுகலை முடித்த கையோடு வாசலில் ‘சைக்காலஜிஸ்ட்’ என்று பலகை மாட்டலாமா? பெற்றோர்களும் மாணவர்களும் அதிகம் குழம்புவது இங்கேதான்.

1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் சில தொழில்களைப் பட்டியலிட்டு, அவற்றில் இருப்பவர்கள் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும் என்கிறது. எல்லோரும் ஆர்.சி.ஐ. என்று சொல்லும் அமைப்பு இதுதான். மனநோய்களை மதிப்பிட்டு, மருந்தில்லாமல் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அந்தப் பட்டியலில் இருக்கிறார். பதிவில்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (ஆயிரம் ரூபாய் இப்போது ஒரு செஷன் கட்டணத்துக்குக்கூடப் போதாது என்பது வேறு கதை.) 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதே கோட்டில்தான் நிற்கிறது. ஆர்.சி.ஐ. ஏற்ற கல்வித் தகுதி, அல்லது உளவியல் முதுகலைக்கு மேல் நேரடிக் கண்காணிப்பில் மருத்துவப் பயிற்சி பெற்ற இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். இருப்பவரைத்தான் அது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்கிறது.

கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட் இந்த இரண்டு சட்டங்களின் வாசலுக்கும் வெளியே நிற்கிறார். அவருக்கென்று பதிவேடு இல்லாததால் ‘கவுன்சலர்’ என்ற சொல்லுக்குப் பூட்டும் இல்லை. ஐந்து வருடம் முறையாகப் படித்தவரும், வார இறுதியில் ஆன்லைனில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே மாதிரி விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்ளலாம். 2021ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது. ஆர்.சி.ஐ.யின் கீழ் வராத உளவியலாளர்களையும் சில வகைக் கவுன்சலர்களையும் அது நடத்தைசார் சுகாதாரம் என்ற தலைப்பில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு தொழில் சட்டத்தின் அட்டவணையில் ஏறுவதற்கும், தெருமுனைப் பலகையைப் பார்த்து ‘உங்க பதிவு எண் என்ன?’ என்று ஜனங்கள் கேட்கப் பழகுவதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது.

அமெரிக்காவில் கவுன்சலிங் முதுகலைகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, படிக்கும்போதே 100 மணி நேரப் பயிற்சியையும், அதன் பிறகு 600 மணி நேர இன்டர்ன்ஷிப்பையும் கேட்கிறது. அந்த 600ல் 240 மணி நேரம் ஆளை எதிரே உட்காரவைத்துப் பேசிய நேரமாக இருக்க வேண்டும். அதை முடித்தாலும் தனியாகத் தொழில் செய்ய மாநில உரிமம் வேண்டும். அதற்கு மேலும் ஆயிரக்கணக்கான மணி நேரம். சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளப் பொதுவாக முனைவர் பட்டம் தேவை. பிரிட்டனின் பெரிய கவுன்சலர் சங்கமும் தான் அங்கீகரிக்கும் படிப்புகளில் குறைந்தது 100 மணி நேரம் கண்காணிக்கப்பட்ட நேரடிப் பயிற்சி கேட்கிறது. மேற்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல இதை எடுக்கவில்லை. அங்கேயும் ஆயிரம் புகார்கள் உண்டு. அவர்கள் எண்ணுவது எதை என்று பாருங்கள்: பாடங்களையோ மார்க்கையோ அல்ல, மணி நேரத்தை. யாரோ ஒருவர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மணி நேரத்தை.

நம் ஊரில் கல்வியும் சிகிச்சையும் தனித்தனியாக வளர்ந்தவை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1794ல் புரசைவாக்கத்தில் தொடங்கிய மனநோயாளிகள் காப்பகம் 1871ல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. பிறகு அந்த ஊர்ப் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. பல்கலைக்கழக உளவியலுக்கு வேறு வரலாறு. கல்கத்தாவில் 1916ல் துறை ஆரம்பித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943ல் வந்தது. ஆய்வகம், கருவிகள், அறிவுத்திறன் சோதனைகள் என்று அதன் போக்கு தனி. கீழ்ப்பாக்கத்து வார்டையும் சேப்பாக்கத்து வகுப்பறையையும் சேர்த்துக் கட்டும் பயிற்சி முதலில் பெங்களூரில்தான் உருவானது. 1955ல், இன்று நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனை ஆகிவிட்ட நிறுவனம், மருத்துவ உளவியலில் ஒரு டிப்ளமோவைத் தொடங்கியது. பின்னால் வந்த எம்.ஃபில். அதன் வாரிசு. இன்று சென்னையைச் சுற்றி முட்டுக்காட்டிலும் போரூரிலும் நடக்கும் கிளினிக்கல் பயிற்சி அந்த வம்சத்தைச் சேர்ந்தது. வார்டிலும் ஓ.பி.யிலும் கற்கிற பயிற்சி அது. பெரும்பாலான முதுகலைகள் இன்னும் வகுப்பறை வம்சம்தான்.

சரி, அந்த வகுப்பறையில் என்ன நடக்கிறது?

பாதி நேரம் எதிர்பார்த்ததுதான்: ஆளுமைக் கோட்பாடுகள், மனநோய்களின் வகைப்பாடு, ஆராய்ச்சி முறை, புள்ளியியல். சைக்காலஜி என்றால் கணக்கு இருக்காது என்று நம்பி வந்த பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே முகம் வெளுப்பார்கள். அறிவுத்திறன் சோதனைகளும் உண்டு. ஸ்டாப்வாட்சும் கட்டைகளும் படங்களுமாக, தம்பி தங்கைகளைச் சோதனைப் பொருளாக்கிப் பழகுவார்கள்.

மீதிப் பாதிதான் கஷ்டம். அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது பேசாமலிருப்பதை. ஆலோசனை என்று இந்தத் தொழிலுக்குப் பெயர் வைத்ததில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆலோசனை என்றால் யோசனை சொல்வது, வழி காட்டுவது. பயிற்சியின் முதல் ஆறு மாதமும் அந்தப் பழக்கத்தை உடைப்பதிலேயே போகிறது. வீட்டுக்குப் பெரியவர்கள், எதிர்வீட்டு மாமா, ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று எல்லோருமே இலவசமாக அறிவுரை தரும் ஊரில் வளர்ந்த பிள்ளைகள். ரோல் பிளேயில் ஒரு மாணவி ‘எனக்கு வேலைக்குப் போகவே பிடிக்கல’ என்று ஆரம்பித்தால், எதிரே கவுன்சலராக உட்கார்ந்திருப்பவர் முப்பது வினாடிக்குள் ‘நீங்க ஏன் யோகா டிரை பண்ணக்கூடாது?’ என்பார். வகுப்பே சிரிக்கும். அடுத்து உட்காருபவரும் அதையேதான் செய்வார். இலங்கைத் தமிழர்கள் இதை ‘உளவளத்துணை’ என்கிறார்கள். துணை! அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டிருந்தால் முதல் செமஸ்டரில் பாதி மிச்சமாகியிருக்கும்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் பெயர் இங்கே வந்தே தீரும். ஒத்துணர்வு, நிபந்தனையில்லாத ஏற்பு, போலித்தனம் இல்லாமை என்று அவர் சொன்ன மூன்றும் எல்லாத் தேர்விலும் வரும். எல்லோரும் எழுதி மார்க் வாங்கிவிடுவார்கள். எனக்கு அவருடைய இன்னொரு காரியம்தான் பெரிதாகத் தெரிகிறது. மூடிய அறைக்குள் என்ன நடந்தது என்று சிகிச்சையாளர் ஞாபகத்திலிருந்து சொன்னதை மட்டுமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அவர் உரையாடல்களைப் பதிவு செய்தார். 1942ல் ஒருவருடைய சிகிச்சை முழுவதையும், எல்லா அமர்வுகளையும், சொல்லுக்குச் சொல் அச்சில் கொண்டுவந்தார். அந்த நாளிலிருந்து, ‘நான் நன்றாகத்தான் கேட்டேன்’ என்று ஒரு கவுன்சலர் சொன்னால், எங்கே காட்டு என்று கேட்க முடிந்தது.

இங்கே மாணவர்கள் எழுதும் ‘வெர்பேட்டம்’ அதன் பேரப்பிள்ளை. செஷன் முடிந்ததும் நினைவிலிருந்தோ, வந்தவர் சம்மதித்திருந்தால் பதிவிலிருந்தோ, அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது என் மனதில் ஓடியது என்று மூன்று பத்தியாக எழுத வேண்டும். அதை வைத்துக்கொண்டு மூத்தவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்பார். இதற்குப் பெயர் சூப்பர்விஷன். கண்காணிப்பு என்று தமிழில் எழுதினால் போலீஸ் வேலை மாதிரி ஒலிக்கிறது. உண்மையில் பாட்டு வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து ‘அந்த இடத்தை மறுபடி பாடு’ என்பதுபோலத்தான் இருக்கும்.

என் முதல் கேஸ்களில் ஒன்றைச் சொல்கிறேன், அடையாளங்களை எல்லாம் மாற்றிவிட்டு. ஐம்பது வயதை நெருங்கும் பெண். தூக்கமில்லை, நெஞ்சில் பாரம், டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தார். என்னைக் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார். கணவரைப் பற்றி நிறைய பேசினார். நான் வெர்பேட்டத்தைக் கல்லூரி வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். சூப்பர்வைசர் மேடம் படித்துக்கொண்டே வந்து ஒரு வரியில் பென்சிலை வைத்தார். ‘இங்க அவங்க தமிழ்ல என்ன சொன்னாங்க?’

யோசித்தேன். அதுவரைக்கும் ‘அவரு சொன்னாரு, அவரு வந்தாரு’ என்று மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவர், மாமியாரின் நகை பற்றிய பேச்சு வந்த இடத்தில், ஒரே ஒரு வாக்கியத்தில், ‘அவன் பார்த்துக்கிட்டு நின்னான்’ என்றிருந்தார். அடுத்த வாக்கியத்தில் மறுபடியும் ‘அவரு’. முப்பது வருடக் கோபம் ஒரு விகுதியில் எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போயிருந்தது. என் ஆங்கிலத் தாளில் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சொல்தான் இருந்தது. அந்த மொழியில் அவருக்கும் அவனுக்கும் வித்தியாசம் கிடையாது. மேடம் கேட்டிராவிட்டால் எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

சென்னையில் இந்தப் படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. பாடநூல், விரிவுரை, கேஸ் ரிப்போர்ட், வைவா என்ற வாய்மொழித் தேர்வு எல்லாமே. ஆனால் ராயபுரத்திலிருந்தோ மாங்காட்டிலிருந்தோ வருகிறவர் ‘மனச்சோர்வு’ என்றுகூடச் சொல்வதில்லை. ‘ஒரு மாதிரியா இருக்கு’, ‘எதுலயும் பிடிப்பில்ல’, ‘படபடன்னு வருது’ என்பார். இந்த ‘ஒரு மாதிரி’யை விரித்துக் கேட்பதற்குத் தனித் திறமை வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013ல் தன் நோய் வகைப்பாட்டுக் கையேட்டைத் திருத்தியபோது, பண்பாட்டைப் புரிந்துகொள்ள 16 கேள்விகள் கொண்ட பேட்டி முறை ஒன்றைச் சேர்த்தது. உங்கள் குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ இந்தப் பிரச்சினையை எப்படிச் சொல்வீர்கள் என்பது அதில் ஆரம்பத்திலேயே வரும் கேள்வி. அதையே நாம் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மொழியோடு உறவுமுறையும் வந்து ஒட்டிக்கொள்ளும். பதினேழு வயதுப் பையனை ‘நீ’ என்பதா, ‘நீங்க’ என்பதா? ‘நீங்க’ என்றால் பள்ளியில் எதற்கோ விசாரிக்கிறார்கள் என்று சுருங்கிக்கொள்கிறான். ‘நீ’ என்றால் இன்னொரு அக்கா வந்துவிட்டாள் என்று நினைக்கிறான். தோட்டத்து மாங்காயைப் பையில் போட்டுக்கொண்டு வரும் பாட்டியிடம், பரிசு வாங்கக்கூடாது என்ற நெறிமுறையை எப்படிச் சொல்வது? பாடநூலில் இருக்கும் எல்லைகள் சரியானவை. அவற்றைத் தமிழில் முகம் வாடாமல் சொல்லும் வித்தையைத்தான் யாராவது பக்கத்திலிருந்து காட்டித்தர வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது ரகசியம். ‘பிள்ளை என்ன சொன்னான்?’ என்று வெளியே காத்திருக்கும் அப்பா கேட்பார். கட்டணம் கொடுப்பவர் அவர். சொல்ல முடியாது என்று மரியாதையாகச் சொல்லத் தெரிய வேண்டும். ஆனால் குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் அது குற்றம். இந்த இரண்டு விதிகளையும் தேர்வில் எழுதிவிடலாம். மாலை நாலரை மணிக்கு, ஒரு பெண் குழந்தை வாயைத் திறந்து, ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?’ என்று கேட்கும்போது கையில் போன் நம்பரோடு ஒரு சூப்பர்வைசர் வேண்டும்.

அந்தச் சூப்பர்வைசர்தான் இந்த ஊரில் பற்றாக்குறை. இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன, தேவையும் கூடுகிறது. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்களின் விகிதத்தை, கோளாறைப் பொறுத்து, 70லிருந்து 92 சதவீதம் வரை என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருக்கும் கல்வி நிறுவனங்கள் குறைந்தது ஒரு தகுதியுள்ள கவுன்சலரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ வைத்துக்கொள்ள வேண்டும், குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் அவர் பயிற்சி பெற்றது தெரிய வேண்டும் என்று வழிகாட்டியது. அந்தக் கடைசி நிபந்தனையைப் படித்ததும், அத்தனை பேருக்கும் பயிற்சி தரப்போவது யார் என்றுதான் முதலில் தோன்றியது.

இதற்கிடையே பாதையே மாறுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022ல் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியது. மற்ற துறைகளில் அது ஆராய்ச்சிக்கான படிக்கட்டு. கிளினிக்கல் உளவியலில் அதுதான் தொழிலுக்கே வாசல். பதறிப்போய்ப் பலர் எழுத, 2024 ஜனவரியில் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு கொடுத்தார்கள். அப்புறம் 2025ல், சைக்காலஜி உள்ளிட்ட சில சுகாதாரப் படிப்புகளை ஆன்லைனிலும் தொலைதூர வழியிலும் நடத்தக்கூடாது என்று உத்தரவு வந்தது. வேலை பார்த்துக்கொண்டே, குழந்தை வளர்த்துக்கொண்டே தபாலில் எம்.எஸ்ஸி. முடித்து இந்தத் தொழிலுக்கு வந்த பெண்கள் இந்த நகரத்தில் ஏராளம். அவர்களில் சிலர் மிகச் சிறந்த கவுன்சலர்கள். அந்தக் கதவு மூடியதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் எதிரே ஒரு மனிதர் இல்லாமல் இதைக் கற்க முடியாது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்கிறேன்.

பட்டம் இல்லாதவர்கள் இந்த வேலையில் இல்லவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 1986ல் தொடங்கிய சிநேகா என்ற சென்னைத் தற்கொலைத் தடுப்பு அமைப்பில் தற்கொலை எண்ணத்தோடு அழைப்பவர்களிடம் பேசுகிறவர்கள் தன்னார்வலர்கள். ஆனால் பயிற்சி பெறாமல் யாரும் போனை எடுப்பதில்லை. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

பெரியம்மாவின் பேத்திக்கு நான் சொல்வது இதுதான். கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தையும் வேலைவாய்ப்புப் பட்டியலையும் விட்டுவிட்டு, மூத்த மாணவர் யாரையாவது கேன்டீனில் பிடி. வாரத்தில் எத்தனை மணி நேரம் வெளியே போய் ஆட்களைப் பார்க்கிறீர்கள், எங்கே, யார் கூட வருகிறார், வெர்பேட்டத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்து பேசுகிறாரா, கையெழுத்து மட்டும் போடுகிறாரா என்று கேள். ‘இன்டர்ன்ஷிப் நீங்களே பார்த்துக்கணும்’ என்று பதில் வந்தால் இன்னொரு கல்லூரியையும் பார்த்துவிடு. கிளினிக்கல் பக்கம் போக ஆசையென்றால் அந்த இடத்தின் பெயர் அந்த வருட ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கிறதா என்று நீயே பார், புரோஷரை நம்பாதே.

நான் இப்போது மாணவர்களை வெர்பேட்டத்தைத் தமிழிலேயே எழுதச் சொல்கிறேன். அவர்களுக்கு முதலில் கூச்சம். பேச்சுத் தமிழை எழுதினால் பிழை மாதிரி தெரிகிறது என்பார்கள். போன வருடம் ஒரு மாணவியின் வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஆங்கிலப் பிரதி கேட்டுவிட்டார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து அந்தப் பெண் மொழிபெயர்த்துக்கொண்டு வந்தாள். பதினொன்றாம் பக்கத்தில் ஒரு சொல்லின் தலையில் நட்சத்திரக் குறி. கீழே சிறிய எழுத்தில், தமிழில்: ‘இந்த இடத்திலிருந்து நான்கு வரிகளுக்கு அவர், அவன்.’